வெண்படலமும் வெட்கத் திரையும்

உடலின் ஆழத்தில், எலும்புக் கூட்டுக்குள், குடலின் மடிப்புக்குள் ஒளிந்து வளரும் நோயைக் கண்டறிய மனித அறிவுக்கு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன என்றால் அதில் வியப்பில்லை. உள்ளே பார்க்கக் கருவி வேண்டும். கருவி பிறக்கக் காலம் வேண்டும். ஆனால் விளக்கொன்றும் விழியிரண்டும் இருந்தால் பார்த்துவிடலாம் என்ற நிலையில், உடலின் வெளிப்புறத் தோலிலேயே தோன்றும் ஒரு நோயை, அது கொல்லும் நோயாக மாறுமுன் கண்டறியவும், கண்டறிந்ததை அளவறிந்து ஆற்றவும் உலகுக்கு இத்தனை காலம் பிடித்ததே, அதற்குக் காரணம் என்ன? கருவி இல்லாமையா? அன்று. மருந்து இல்லாமையா? அதுவும் பாதிக் காரணமே. மீதிப் பாதி, வெட்கம் என்ற திரை! பெண்ணின் வாயையும் அது மூடிற்று. மருத்துவரின் கண்ணையும் அது மூடிற்று.

நாம் எழுத எடுத்துக்கொண்டது பெண்குறியின் வெளிப்பகுதியில் தோன்றும் புற்றுநோயின் முன்நிலைகளைப் பற்றிய வரலாறு. மருத்துவ நூலார் அப்பகுதியை வல்வா என்பர். வெளியிதழ், உள்ளிதழ், கிளிட்டோரிஸ் எனும் உணர்ச்சி முனை, சிறுநீர்த் துளை, யோனியின் வாயில் ஆகியவை சேர்ந்த புறத்தோற்றமே அது. கருப்பை வேறு, கருப்பையின் வாய் வேறு, இது வேறு. படித்தவர் பலரும் மூன்றையும் ஒன்றெனக் குழப்புவர்.

"இதையெல்லாம் ஏட்டில் எழுதலாமா?" என்று முகம் சுளிப்போர் இருப்பர். அவர்கட்கு ஒன்று சொல்வோம். சங்கப் புலவர்கள் அல்குல் என்ற சொல்லைக் கூசாமல் ஆண்டனர். அதற்குப் பெண்குறி என்று பொருள் கொண்டோரும் உண்டு. இடையைச் சார்ந்த பகுதி என்று பொருள் கொண்டோரும் உண்டு. பொருளைப் பற்றி வழக்கு இருக்கலாம். சொல்லைப் பற்றி அந்தப் புலவர்கட்குக் கூச்சம் இருந்ததில்லை. பின்னே வந்த நாம் 'மறைவிடம்' என்றோம். அதுவும் அதிகம் என்று எண்ணி 'அந்த இடம்' என்றோம். பெயரை மறைத்தோம், பெயரோடு சேர்த்து நோயையும் மறைத்தோம்.

முன்நிலை என்றால் என்ன?

தோலின் மேலடுக்கில் அடியிலே புதிய உயிரணுக்கள் பிறக்கின்றன, மேலேறுகின்றன, முதிர்ந்து உதிர்கின்றன. இந்த ஒழுங்கு சில வேளைகளில் கெடும். உயிரணுக்கள் வடிவு மாறிக் கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்கும். ஆயினும் மேலடுக்குக்குக் கீழே உள்ள மெல்லிய எல்லையை அவை இன்னும் தாண்டியிரா. வாய்க்காலில் வெள்ளம் வரப்பளவு ஏறி நிற்கிறது, வரப்பு உடையவில்லை. அந்த நிலையே முன்நிலை. வரப்பு உடைந்து, உயிரணுக்கள் ஆழத்தில் புகுந்து, நிணநீர்க் குழாய் வழியே தொடை இடுக்கிலுள்ள கணுக்களை எட்டுகின்றன என்றால் அது முற்றிய புற்றுநோய். உடையுமுன் அடைக்க ஒரு கூடை மண் போதும். உடைந்தபின் ஊரே திரண்டாலும் போதாமற் போகலாம்.

வரப்பளவு நின்ற வெள்ளமெல்லாம் உடைத்துக்கொண்டு பாய்வதில்லை. முன்நிலை எல்லாம் புற்றாவதில்லை. எது ஆகும், எது ஆகாது? எதற்குக் கத்தி வேண்டும், எதற்குக் களிம்பு போதும்? இந்தக் கேள்விக்கு விடை தேடிய பாதையிலேதான் எத்தனை இடறல், எத்தனை கண்ணீர்!

புகைக்கூண்டும் பாதரசமும்

வெட்கம் மருத்துவத்தை எப்படித் திசை திருப்பும் என்பதற்கு முதற்சான்று ஓர் ஆண் நோயிலேயே கிடைக்கிறது. 1775-ஆம் ஆண்டில் லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் ஓர் உண்மையை எழுதினார். வீடுகளின் புகைக்கூண்டுகளில் சிறு வயதிலேயே ஏறி இறங்கிக் கரியைச் சுரண்டும் வேலையில் தள்ளப்பட்ட ஏழைச் சிறுவர்களுக்கு, பருவம் எய்திய பின்னர் விரைப்பையின் தோலில் புண் தோன்றுகிறது; அது புற்றாகிறது; காரணம் தோலின் மடிப்பில் தங்கும் கரி என்றார். ஒரு தொழிலுக்கும் ஒரு புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை உலகுக்குக் காட்டிய முதல் எழுத்துகளில் ஒன்று அது.

பாட் இன்னொன்றும் சொன்னார். அந்தப் புண்ணை நோயாளியும் மருத்துவரும் மேகநோய் என்றே முடிவு கட்டிப் பாதரச மருந்தைக் கொடுத்தனர். புண் ஆறாததோடு மேலும் கொடிதாயிற்று என்றார். ஏன் மேகநோய் என்று எண்ணினர்? புண் இருந்த இடம் அப்படி! அந்த இடத்தில் நோய் வந்தால் அது ஒழுக்கக் கேட்டின் கூலி என்று முன்பே தீர்ப்பு எழுதியாயிற்று. தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு சாட்சியைத் தேடுகிறவன் உண்மையைக் காண்பானா?

ஆணுக்கே இந்தக் கதி என்றால் பெண்ணின் கதி என்ன? அவள் மருத்துவரிடம் வாய் திறப்பதே அரிது. திறந்தாலும், ஆடையை விலக்கிப் பார்ப்பது முறையன்று என்ற நாகரிகம் குறுக்கே நின்றது. 19-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் போர்வைக்குள் கை நுழைத்துத் தடவிப் பார்த்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதே நல்ல மருத்துவரின் அடையாளமாகப் போற்றப்பட்டது. தோலின் நோயைக் கண்ணால் காணாமல் கையால் எப்படி அறிவது?

பெயர்கள் பெருகின, தெளிவு பிறக்கவில்லை

திரை கொஞ்சம் விலகத் தொடங்கியது 1875-ஆம் ஆண்டளவில். நியூயார்க்கின் ராபர்ட் வியர், நாக்கிலும் வல்வாவிலும் தோல் தடித்து மீன் செதில்போல் வெளுத்த நோயை எழுதினார். 1877-இல் புடாபெஸ்ட்டின் ஷ்விம்மர், வாயில் தோன்றும் வெள்ளைத் திட்டுக்கு லூக்கோபிளாக்கியா என்று பெயரிட்டார். வெண்படலம் என்று நாம் சொல்லலாம். அப்பெயர் பின்னர் வல்வாவிலுள்ள வெள்ளைத் திட்டுக்கும் ஏறிற்று. 1885-இல் பிராகு நகரின் பிரைஸ்கி, தோல் வறண்டு சுருங்கி, இதழ்கள் தட்டையாகி, வாயில் குறுகிப்போன பெண்களைப் பற்றி எழுதி, கிரவுரோசிஸ் என்ற பெயரை வைத்தார். 1887-இல் பாரிசின் ஹல்லோப்போ எழுதிய நோயே இன்று லைக்கன் ஸ்க்ளீரோசஸ் எனப்படுகிறது.

நால்வர் பார்த்தனர், நான்கு பெயர் வந்தன. ஒரே நோய்க்கு இரண்டு பெயர். இரண்டு நோய்க்கு ஒரே பெயர். "வெள்ளையாக இருக்கிறது" என்பது நிறத்தைச் சொல்வது. நோயைச் சொல்வதாகாது. சுண்ணாம்பும் வெள்ளை, பாலும் வெள்ளை. நிறம் ஒன்றென்பதால் இரண்டையும் ஒரே குவளையில் ஊற்றிக் குடிப்பார் உண்டா? இந்த எளிய பகுத்தறிவு மருத்துவத்துக்குள் நுழைய மேலும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

இடையே ஓர் ஒளிக்கீற்று. 1912-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரின் தோல் மருத்துவர் ஜான் போவன் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஒருவருக்குப் புட்டத்தில் திட்டு, இன்னொருவருக்குக் கெண்டைக்காலில். மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்துப் பார்த்தபோது உயிரணுக்கள் புற்றின் உயிரணுக்கள் போலவே காட்சியளித்தன. ஆனால் ஆழத்தில் இறங்கவில்லை. "புற்றுக்கு முந்திய தோல்நோய்" என்ற கருத்தை அவர் நிலைநாட்டினார். அதே மாற்றம் வல்வாவிலும் காணப்பட்டது. போவன் நோய் என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. புற்று திடீரென விழும் இடியன்று. அது வரும் வழியில் தடம் பதித்துக்கொண்டே வருகிறது என்பது விளங்கிற்று. தடத்தைக் கண்டால் தடுக்கலாம் அன்றோ?

கத்தியின் காலம்

தடுக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்ததும் கை சென்ற இடம் கத்தி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிரெடரிக் டவுசிக் என்பவர் வல்வா நோய்களைப் பற்றித் தனி நூலொன்றை 1923-இல் வெளியிட்டார். 1940-இல் 155 வல்வாப் புற்று நோயாளிகளைப் பற்றிய ஆய்வை எழுதினார். யாரும் திரும்பிப் பாராத நோயை உழைப்பால் உலகின் கண்முன் நிறுத்திய பெருமை அவருக்கு உண்டு. மறுப்பதற்கில்லை. ஆனால் வெண்படலம் என்பது புற்றின் தூதன் என்று அவர் கற்பித்த பாடம் எங்கும் பரவிற்று. விளைவு? வெள்ளைத் திட்டு என்றாலே உறுப்பு முழுவதையும் அறுத்து எடு என்ற வழக்கம் பல இடங்களில் வேரூன்றிற்று.

முற்றிய புற்றுக்கு விரிந்த அறுவை வேண்டியிருந்தது உண்மை. இங்கிலாந்தின் வடபகுதியில் ஸ்டான்லி வே, நிணநீர் செல்லும் வழியை ஆராய்ந்து 1948-இல் எழுதி, இரு தொடை இடுக்குகளின் கணுக்களையும் உறுப்போடு சேர்த்தெடுக்கும் அறுவைக்கு அடிப்படை வகுத்தார். மடிய இருந்த பலர் அதனால் பிழைத்தனர். பிழைத்தவர்கள் கொடுத்த விலையோ பெரிது. காயம் பிளந்து ஆற வாரங்கள் பலவாயின, கால்கள் வீங்கின, இல்லற இன்பம் இல்லாமற் போயிற்று. உயிருக்கு விலையாக உறுப்பைக் கொடுப்பது ஒன்று. புற்றே இல்லாத பெண்ணிடம், ஒருவேளை வரலாம் என்ற ஐயத்துக்காக உறுப்பைக் கேட்பது வேறொன்று. வாயில் வெள்ளைத் திட்டு வந்த ஆணின் நாக்கை அடியோடு அறுத்தெறி என்று இவ்வளவு எளிதில் சொல்லியிருப்பார்களா? பேசாத உறுப்பு, பேசப்படாத உறுப்பு. எனவே இழந்தால் என்ன என்ற எண்ணம் அந்த வழக்கத்தின் உள்ளே ஒளிந்திருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

இந்த வழக்கத்தை எதிர்த்து 1961-இல் ஒரு குரல் எழுந்தது. லிவர்பூல் பேராசிரியர் நார்மன் ஜெப்கோட், உட்காக் என்பவரோடு சேர்ந்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை ஒன்று வரைந்தார். வெண்படலம் என்ற பெயரையே நம்பாதீர்கள். அதனுள் பல நிலைகள் கலந்து கிடக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை புற்றாவதில்லை. உறுப்பை அறுத்தெறிந்த பின்னும் எஞ்சிய தோலில் அதே நோய் திரும்புகிறது. பின் எதற்காக அறுக்கிறீர்கள் என்று வினவினார். கத்தியை எடுக்குமுன் சிறு துண்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். அது சொல்வதைக் கேளுங்கள் என்பதே அதன் சாரம். 1970-இல் வல்வா நோய்களை ஆராய்வோரின் பன்னாட்டுச் சங்கம் தோன்றிற்று; குழம்பிக் கிடந்த பெயர்களைக் களையெடுக்கும் வேலையைத் தொடங்கிற்று.

ஆக்லாந்து தரும் பாடம்

அளவுக்கு மீறி அறுத்தது ஒரு தவறு. அதைக் கண்டு வெகுண்டு, அறுக்கவே வேண்டாம் என்று மறுகோடிக்கு ஓடுவதும் தவறே. அந்தத் தவறு நடந்த இடம் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர். தேசிய மகளிர் மருத்துவமனை.

அங்கே ஹெர்பர்ட் கிரீன் என்ற பேராசிரியர், கருப்பை வாயின் முன்நிலை புற்றாவதில்லை என்று உறுதியாக நம்பினார். நம்புவது அவர் உரிமை. ஆனால் 1966-ஆம் ஆண்டில், அந்த நம்பிக்கையை மெய்ப்பிக்க, நோயுள்ள பெண்களுக்கு முழு மருத்துவம் செய்யாமல், வரச்சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கும் திட்டத்துக்கு மருத்துவமனையின் ஒப்புதலைப் பெற்றார். பெண்களிடம் ஒப்புதல் பெற்றாரா? அதுதான் இல்லை! தம் உடலில் என்ன இருக்கிறது, தமக்கு என்ன செய்யப்படவில்லை என்பதை அறியாமலே பெண்கள் ஆண்டுக்கணக்காக அந்தப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கினர். வல்வாவின் முன்நிலை கொண்ட சிலரும் மருத்துவமின்றி விடப்பட்டனர்.

அதே மருத்துவமனையில் பணியாற்றிய மெக்கின்டோ, மக்லீன், ஜோன்ஸ் ஆகியோர் உள்ளேயிருந்தே உண்மையைக் கணக்கெடுத்தனர். கருப்பை வாய் பற்றிய ஆய்வு 1984-இல் வெளிவந்தது. 1986-இல் ஜோன்சும் மக்லீனும் வல்வாவின் முன்நிலை பற்றி எழுதினர். மருத்துவம் பெற்றோர் 31 பேர். பெறாதோர் 5 பேர். அந்த ஐவருக்கும் 2 முதல் 8 ஆண்டுகளுக்குள் முற்றிய புற்று வந்தது. ஐந்து என்பது சிறிய எண் என்பீர். அந்த ஐந்தும் அட்டவணையின் ஐந்து கோடுகளல்ல. ஐந்து குடும்பங்களின் அடுப்பங்கரைகள்.

1987-ஆம் ஆண்டு சாண்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்னும் இரு பெண்கள் மெட்ரோ என்ற ஏட்டில் இதை எழுதியபோது நாடே அதிர்ந்தது. அரசு விசாரணைக்கு ஆணையிட்டது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரித்து 1988-இல் அறிக்கை தந்தார். பெண்கள் பலருக்குப் போதிய மருத்துவம் தரப்படவில்லை என்பதையும், அவர்களிடம் உண்மை சொல்லப்படவில்லை என்பதையும் அவ்வறிக்கை உரைத்தது. நோயாளியின் உரிமைகளைக் காக்க 1994-இல் சட்டமும், 1996-இல் விதித்தொகுப்பும் அந்நாட்டில் பிறந்தன. 2008-இல் வெளியான பின்னாய்வு, கருப்பை வாயின் முன்நிலைக்கு முறையான மருத்துவம் பெற்றோருள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே முப்பதாண்டில் புற்று வந்தது என்றும், திசுத் துண்டு மட்டும் எடுத்துவிட்டு வாளா விடப்பட்டோருள் நூற்றுக்கு 31 பேருக்கு வந்தது என்றும் காட்டிற்று.

டவுசிக் காலத்துக் கத்தியும் ஆக்லாந்தின் கைகட்டலும் எதிரெதிர்த் துருவங்கள் போலத் தோன்றும். ஒன்று எல்லாவற்றையும் அறுத்தது. மற்றொன்று எதையும் ஆற்றவில்லை. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒன்றுண்டு. உடலுக்கு உரியவளை யாரும் கேட்கவில்லை. அவள் கேட்கமாட்டாள், வெட்கப்படுவாள், வீடு திரும்பி வாய் மூடிக்கொள்வாள் என்ற துணிவே இரண்டுக்கும் அடித்தளம்.

இரண்டு வழிகள்

இன்று அறிவு எங்கே வந்து நிற்கிறது? வல்வாப் புற்றுக்கு இட்டுச் செல்லும் வழிகள் பெரும்பாலும் இரண்டு என்று தெளிந்திருக்கிறது.

முதல் வழி வைரசின் வழி. மருக்களை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் இனத்தில் 16 என்ற எண்ணுடையதை 1983-இல் ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹௌசனும் அவர்தம் குழுவினரும் பிரித்தெடுத்தனர். அதற்காக அவருக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. கருப்பை வாயில் புற்றை உண்டாக்கும் அதே வைரஸ் வல்வாவிலும் முன்நிலையை உண்டாக்குகிறது. இவ்வகை, இளம் பெண்களிடமும் நடுவயதினரிடமும் மிகுதி. வெள்ளையாகவோ, சிவப்பாகவோ, பழுப்பு அல்லது கருமையாகவோ, சற்றே மேடிட்ட திட்டுகள் பல இடங்களில் தோன்றும். புகை பிடிப்போருக்கும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கும் இடர் அதிகம்.

இரண்டாவது வழி நாள்பட்ட தோல்நோயின் வழி. 1887-இல் ஹல்லோப்போ கண்ட லைக்கன் ஸ்க்ளீரோசஸ் இதற்கு முதன்மைக் காரணம். மாதவிலக்கு நின்ற வயதினரிடமே இது மிகுதி, சிறுமியர்க்கும் வரலாம். தோல் வெளுத்து, கசக்கிய காகிதம் போல் சுருங்கும். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு, வெடிப்பு, உறவின்போது வலி, நாளடைவில் உள்ளிதழ் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும். இது தொற்றுநோயன்று, ஒழுக்கத்துக்கும் இதற்கும் எள்ளளவும் உறவில்லை. இந்நோய் உடையோருள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானவர்க்கே புற்று வரும். ஆனால் இதன் மேல் தோன்றும் முன்நிலை, வைரசால் வருவதைக் காட்டிலும் விரைவாகவும் மிகுதியாகவும் புற்றாகும் இயல்புடையது.

இவ்விரண்டையும் பிரித்தறிய வகை செய்யும் பெயர்கள் ஒரே நாளில் வரவில்லை. 1986-இல் முன்நிலையை 1, 2, 3 எனத் தரம் பிரித்தனர். முதல் தரம் என்பது முன்நிலையே அன்று, தானாக மறையக்கூடிய வைரஸ் மாற்றம் என்று உணர்ந்து 2004-இல் அதை நீக்கினர். வைரஸ் வகை, தோல்நோய் வகை என இரண்டையும் தெளிவாகப் பிரித்த இன்றைய பெயர்முறை 2015-இல் வந்தது. நேற்று எழுதியதை இன்று சான்று கண்டு திருத்திக்கொள்ளும் துணிவுதான் விஞ்ஞானத்தின் உயிர்.

மருந்தும் மாறிற்று. 1991-இல் இங்கிலாந்து மருத்துவர்கள், வீரியமிக்க குளோபெட்டசால் என்னும் ஸ்டீராய்டு களிம்பு லைக்கன் ஸ்க்ளீரோசசை அடக்குகிறது என்று எழுதினர். ஒரு காலத்தில் உறுப்பையே பலி கேட்ட நோய்க்கு விரல் நுனியளவு களிம்பு! அதைத் தொடர்ந்து பூசினால் புற்றும் தடைபடுமா? ஆஸ்திரேலியாவின் சிட்னி மருத்துவர்கள் 507 பெண்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து 2015-இல் விடை தந்தனர். சொன்னபடி தவறாமல் மருந்திட்டோர் 357 பேர். அவருள் ஒருவருக்கும் புற்றோ முன்நிலையோ வரவில்லை. விட்டுவிட்டுப் பூசிய 150 பேருள் எழுவர்க்கு வந்தது.

வைரஸ் வகைக்கு, திட்டை மட்டும் எடுக்கும் சிறு அறுவையும், லேசர் ஒளியால் எரிப்பதும் உண்டு. இமிகிமோட் என்னும் களிம்பும் உண்டு. 2008-இல் வெளிவந்த டச்சு ஆய்வில் 52 பெண்கள் பங்கேற்றனர். களிம்பு பெற்ற 26 பேருள் 21 பேருக்குத் திட்டு குறிப்பிடத்தக்க அளவு சுருங்கிற்று. வெறுங்களிம்பு பெற்ற 26 பேருள் ஒருவர்க்கும் அவ்வாறு சுருங்கவில்லை. தோல்நோய் வகையின் மேல் எழுந்த முன்நிலைக்கோ அறுத்தெடுப்பதே வழி. ஆனால் திட்டையும் அதன் ஓரத்தையும் எடுத்தால் போதும். உறுப்பு முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. எம்முறையாயினும் நோய் திரும்பக்கூடும். ஆகவே ஆறாம் மாதமும் ஓராண்டிலும், அதன்பின் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்ணே காவல்

கருப்பை வாய்க்குச் சுரண்டிப் பார்க்கும் சோதனை உண்டு. மார்பகத்துக்குப் படம் பிடிக்கும் கருவி உண்டு. வல்வாவுக்கு அத்தகைய பொதுச் சோதனை எதுவும் இல்லை. பெண் தன் கையில் பிடிக்கும் கண்ணாடியும், மருத்துவரின் கண்ணும், ஐயம் தோன்றினால் எடுக்கும் அரிசியளவு திசுத் துண்டும் – இவை மூன்றே காவல். மரக்கச் செய்யும் ஊசி போட்டு எடுக்கும் அந்தச் சிறு துண்டு, நோயின் பெயரைச் சொல்லிவிடும். அது சொல்லுமுன் கத்தியும் கூடாது. களிம்பு மாற்றிக் களிம்பு பூசுவதும் கூடாது.

நம் ஊரில் நடப்பதென்ன? அரிப்பு வந்தால் மஞ்சள், வேப்பிலை, முகப்பவுடர். பிறகு மருந்துக் கடைக்கு ஆளனுப்பி, "படை மருந்து" என்று சொல்லி வாங்கும் கலப்புக் களிம்பு. சற்றே அடங்கும், மீண்டும் எழும். ஆண்டுகள் ஓடும். வயது முதிர்ந்த தாய், "இந்த வயதில் இதை யாரிடம் சொல்வது?" என்று தனக்குள் புதைத்துக்கொள்வாள். புண் கசிந்து, நடை தளர்ந்து, மகள் கேட்டபின்தான் வாய் திறப்பாள். அப்போது வரப்பு உடைந்திருக்கும்.

ஆகவே அடையாளங்களை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் நீங்காத அரிப்பு அல்லது எரிச்சல். வெளுத்த, சிவந்த, கறுத்த திட்டு. தடித்த அல்லது மருப்போன்ற மேடு. ஆறாத வெடிப்பு அல்லது புண். இதழ்களின் வடிவ மாற்றம். காரணமறியா இரத்தக் கசிவு. இவற்றுள் ஒன்றிருந்தாலும் மகளிர் மருத்துவரிடமோ தோல் மருத்துவரிடமோ செல்ல வேண்டும். "பாராமலே மருந்து எழுதாதீர்கள், பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். களிம்பால் தீராவிடில் "திசுச் சோதனை வேண்டுமா?" என்றும் கேட்க வேண்டும். கேட்பது பணிவின்மை ஆகாது. அது உரிமை. ஆக்லாந்துப் பெண்கள் விலை கொடுத்து வாங்கித் தந்த உரிமை.

வைரஸ் வழியை அடைக்கத் தடுப்பூசி வந்துவிட்டது. 2006-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2007-இல் ஆஸ்திரேலியா நாடு தழுவிய திட்டமாக்கியது. இந்தியாவிலேயே உருவான ஊசிக்கு 2022-இல் ஒப்புதல் கிடைத்தது. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறப்பு. கருப்பை வாய்க்கென்று பேசப்படும் அந்த ஊசி, 16-ஆம் எண் வைரசைத் தடுப்பதால் வல்வாவையும் காக்கிறது. எனினும் ஒன்றை மறவாதீர்: ஊசி அடைப்பது ஒரு வழியை மட்டுமே. தோல்நோயின் வழியை அது அடைக்காது. அந்த வழியைக் கண்தான் காக்க வேண்டும். கண் காக்க வாய் திறக்க வேண்டும்.

புற்று என்றாலே சாவு என்று நாடு நடுங்கிய காலத்தில், 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அதற்கு முன்னின்று உழைத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஒரு பெண். கட்டடம் எழுப்பித் தந்தனர் முன்னோர். அந்தக் கட்டடத்தின் வாயிலுக்குக் காலத்தில் போய்ச் சேரும் துணிவை வளர்ப்பது நம் கடன்.

இளைஞர்களே, இது பெண்டிர் பேசிக்கொள்ளும் செய்தி என்று ஏட்டை மடித்து வைக்காதீர்கள். உங்கள் வீட்டில் தாய் இருக்கிறாள், பாட்டி இருக்கிறாள், நாளை மகள் பிறப்பாள். அவர்கள் மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்றால் "எதற்கு?" என்று துருவாமல் உடன் செல்லுங்கள். தங்கைமாரே, உங்கள் பாட்டியிடம் நீங்களே முதலில் கேளுங்கள். பள்ளியில் உடலைப் பற்றிப் பாடம் சொல்லும் நாம், உறுப்பின் பெயரை உரத்த குரலில், தெளிவாக, தலை நிமிர்ந்து சொல்வோம். மூக்குக்குப் பெயர் உண்டு, முழங்காலுக்குப் பெயர் உண்டு. இதற்கும் பெயர் உண்டு என்று நம் மாணவியர் அறியட்டும். பெயர் சொல்லத் தெரிந்தவள் நோவைச் சொல்வாள். நோவைச் சொன்னவளுக்குக் காலத்தில் மருந்து கிடைக்கும்.